புள்ளி பெருகினால் படம் தெளியுமா?

நுழையும் முன்

புதிய தொலைக்காட்சி வாங்கச் செல்லும்போது, கடைக்காரர் அடுக்கும் எண்களைக் கேட்ட பெற்றோர் உங்கள் முகத்தைப் பார்ப்பதுண்டு. ‘இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்’ என்றும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது மெய்யாக வேண்டும் அல்லவா? பாடத்தைத் தொடங்குமுன், உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் நீங்கள் வழக்கமாக அமரும் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து, இப்பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் பின்னர் தேவைப்படும்.

பாடம்

கடையில் 43 அங்குலத் தொலைக்காட்சிகள் இரண்டு அருகருகே நிற்கின்றன. ஒன்று ‘ஃபுல் எச்.டி.’ எனப்படும் உயர்தெளிவுத் திரை. மற்றொன்று ‘4கே’ எனப்படும் மீயுயர்தெளிவுத் திரை. இரண்டாவதன் விலை சில ஆயிரம் ரூபாய் கூடுதல். ‘இதில் நான்கு மடங்கு தெளிவு’ என்கிறார் விற்பனையாளர். திரையில் வண்ணமயில் ஒன்று தோகை விரிக்கிறது; இறகின் ஒவ்வோர் இழையும் தெரிகிறது. நாமும் வியந்து நிற்கிறோம். ஆனால் நாம் நிற்பது திரையிலிருந்து இரண்டடித் தொலைவில் என்பதையும், அந்த மயில் கடைக்கென்றே தேர்ந்தெடுத்து ஓடவிடப்பட்ட படம் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. நான்கு மடங்கு என்பது உண்மைதான். எது நான்கு மடங்கு என்பதே கேள்வி.

மார்கழியில் நம் வீட்டு வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு வாயில் என்பது கதவுக்கு முன்னுள்ள மூன்றடி இடம்தான். ஆயினும் கோலம் அங்கும் உண்டு. அம்மூன்றடிக்குள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைப் புள்ளி வைத்தால் இருபத்தைந்து புள்ளிகள். அதே இடத்தில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை வைத்தால் நூறு. இடம் பெருகவில்லை, புள்ளிகள் நான்கு மடங்காயின. கோலத்தில் நுணுக்கம் கூட வாய்ப்பு உண்டாயிற்று. தொலைக்காட்சித் திரையும் இவ்வாறே புள்ளிகளால் ஆனது. அவற்றைப் படப்புள்ளிகள் என்கிறோம். கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிக் கோடு செல்லும். திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு நிறத்தை ஏந்தி ஒளிரும். வேறுபாடு அவ்வளவே.

ஃபுல் எச்.டி. திரையில் கிடைவரிசைக்கு 1920 புள்ளிகள் வீதம் 1080 வரிசைகள். பெருக்கினால் 20,73,600. மீயுயர்தெளிவுத் திரையில் 3840 புள்ளிகள் வீதம் 2160 வரிசைகள், ஆகமொத்தம் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. நம் பெற்றோர் சிறுவயதில் கண்ட பழைய தூர்தர்ஷன் படம் 625 கோடுகளைக் கொண்ட முறையில் வந்தது. அவற்றுள் படமாகத் தெரிந்தவை 576 மட்டுமே. அதனை இன்றைய முறையில் எண்ணாக்கினால் சற்றேறக்குறைய நான்கு இலட்சம் புள்ளிகள். அதில்தான் அவர்கள் ஒளியும் ஒலியும் கண்டு மகிழ்ந்தார்கள்.

பெயர்களிலும் ஒரு சிறு தந்திரம் உண்டு. ‘1080’ என்பது மேலிருந்து கீழாக எண்ணிய வரிசைகளின் தொகை. ‘4கே’ என்பதோ இடமிருந்து வலமாக எண்ணிய புள்ளிகளின் தொகை. 3840ஐ ஏறக்குறைய நாலாயிரம் என முழுமையாக்கி வைத்த பெயர். ஒன்றை உயரத்தாலும் மற்றொன்றை அகலத்தாலும் அழைத்தால், கேட்பவர்க்கு இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றத்தானே செய்யும்? ஒரே பக்கத்தை எண்ணினால் 1080க்கு இணை 2160. பக்கத்துக்கு இரண்டு மடங்கு. பரப்பில் நான்கு மடங்கு.

இனிக் கண்ணுக்கு வருவோம். வட்டத்தை 360 பாகைகளாகப் பகுக்கிறோம். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு கலை. முழுநிலவு வானில் நம் கண்ணுக்கு ஏறக்குறைய முப்பது கலை அகலம் உடையதாகத் தோன்றுகிறது. அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, இயல்பான பார்வை பிரித்தறியும் எல்லை எனக் கண் மருத்துவர்கள் கொள்கின்றனர். அதனினும் நெருங்கிய இரு புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகிவிடும்.

இதனை நம்பவேண்டாம், செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு கறுப்புக் கோடுகளை, நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரையுங்கள். வெளிச்சமான சுவரில் அத்தாளை ஒட்டிப் பின்னோக்கி நடந்து செல்லுங்கள். ஏறத்தாழ 3.4 மீட்டர், அதாவது பதினோர் அடி தொலைவில், இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தொடங்கும். கூர்மையான கண் உடையோர்க்கு இன்னும் சற்றுத் தள்ளியும் பிரிந்து தெரியலாம். ஆனால் ஐந்தாறு அடியிலேயே ஒருவருக்குக் கோடுகள் கலந்துவிட்டால், அவரைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் சொல்லிக் கண் மருத்துவரிடம் செல்லுமாறு அவரிடம் கூறுங்கள். கரும்பலகை தெளிவாகத் தெரியாமல் மதிப்பெண் குறையும் பிள்ளைகள் பலர், தமக்குப் பார்வைக் குறை உள்ளதென்று அறியாமலே இருக்கிறார்கள்.

இவ்வளவையே தொலைக்காட்சிக்குப் பொருத்துவோம். 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் அகலம் ஏறக்குறைய 95 செ.மீ. அதனை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அப்புள்ளி ஒரு கலையாகச் சுருங்கும் தொலைவு 1.7 மீட்டர், ஐந்தரை அடி. அதற்கு அப்பால் அமர்ந்தவர்க்கு ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே கலந்துவிடுகின்றன. அவற்றை மேலும் நான்காகப் பகுத்து வைத்தாலும் அவர் கண் காணப்போவதில்லை. 55 அங்குலத் திரைக்கு இவ்வெல்லை 2.2 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2.6 மீட்டர். சுருக்கமாக, திரையின் மூலைவிட்ட நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்று நினைவில் கொள்ளலாம். எல்லை என்றதும் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணுக்குக் கண் அது சிறிது முன்பின்னாகும்.

கூடத்தின் சுவரோரம் எட்டடி தள்ளி நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு, 43 அங்குலத்தில் எந்தத் திரையை வைத்தாலும் புள்ளிக்கணக்கில் ஒன்றே. தரையில் மூன்றடியில் சப்பணமிட்டு அமரும் பேரனுக்கு வேறுபாடு தெரியும். ஆனால் அவனைத்தான் எல்லாரும் ‘தள்ளி உட்கார்’ என்று அதட்டுவார்கள்!

கண் காணக்கூடிய தொலைவில் அமர்ந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். புள்ளிகளை நிரப்பப் படம் வேண்டுமே. செயற்கைக்கோள் வழியாகவோ கம்பிவடம் வழியாகவோ வீட்டுக்கு வரும் எச்.டி. அலைவரிசைகளில் 4கே அளவில் வருபவை மிக அரிது. இருபது இலட்சம் புள்ளிகளாக வரும் படத்தை எண்பத்து மூன்று இலட்சத்துக்கு அருகிலான புள்ளிகளில் பரப்ப வேண்டிய திரை என்ன செய்யும்? ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கை வைத்து, அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து இடையில் இருக்கக்கூடியதை ஊகித்து நிரப்பும். நல்ல கருவி நன்றாக ஊகிக்கும். ஆனால் ஊகம் ஊகமே. படம்பிடித்த கருவி காணாததைத் திரை கண்டுசொல்ல முடியாது. இணையவழிப் படங்களில் 4கே உண்டு. அதற்கு இணைய வேகம் வேண்டும். ஃபுல் எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்னும் நெட்ஃபிளிக்ஸ், 4கே படத்துக்கு 15 கேட்கிறது.

ஊரிலிருந்து சித்தப்பா கைப்பேசியில் அனுப்பிய தேர்த்திருவிழாக் காணொளியைப் புதிய பெரிய திரையில் இட்டுப் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் அழகாக இருந்தது, இங்கே ஏன் மங்கிப்போயிற்று என்று வருந்தியும் இருப்பீர்கள். தொலைக்காட்சி பழுதன்று. செய்திச் செயலி விரைவாக அனுப்பும்பொருட்டு அக்காணொளியைச் சுருக்கிவிடுகிறது. சுருக்கத்தில் போன நுணுக்கம் போனதுதான். தேர்ச்சக்கரத்தின் அருகே நின்ற அத்தையின் முகத்தை எந்தத் திரையும் மீட்டுத் தராது. அத்தகைய காணொளியைச் சுருக்காமல், மூலக் கோப்பாகவே அனுப்பும்படி சித்தப்பாவிடம் கேளுங்கள். புதிய தொலைக்காட்சி செய்யாததை இந்த ஒரு வேண்டுகோள் செய்யும்.

அப்படியானால் மீயுயர்தெளிவு வெறும் விளம்பரமா? அன்று. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2018 டிசம்பர் 1 முதல் 4கே, 8கே செயற்கைக்கோள் ஒளிபரப்பை நடத்துகிறது. பெரிய திரையும் நல்ல மூலமும் சேரும் இடத்தில் அதன் பயன் கண்கூடு. 2004இல் படச்சுருளில் எடுக்கப்பட்ட ‘கில்லி’ திரைப்படம் 2024இல் 4கே வடிவில் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. சுருள் முன்பே பிடித்து வைத்திருந்த நுணுக்கத்தை வெளிக்கொணர்வது வேறு, இல்லாததை ஊகிப்பது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

என் கருத்தில், 4கே தொலைக்காட்சிகளுடன் சேர்ந்து வந்த பெருநன்மை புள்ளியில் இல்லை. ஒளியிலும் நிறத்திலும் உள்ளது. பழைய முறையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள். ‘எச்.டி.ஆர்.’ எனப்படும் புதிய முறையில் பெரும்பாலும் 1024. கார்த்திகை இரவில் அகல்விளக்கின் சுடரையும், அதன் பின்னால் இருண்ட திண்ணையையும் ஒருசேரக் காட்டும்போது, சுடர் வெளிறாமலும் திண்ணை கரியாகாமலும் இருப்பது இம்முறையின் சிறப்பு. இதனை எட்டடியில் அமர்ந்த பாட்டியும் காண்பார். ஆயினும் பெட்டியின்மேல் அப்பெயர் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. போதிய வெளிச்சம் தராத மலிவான திரையில் அவ்வேறுபாடு தோன்றாது. ஆகவே கடையில் மயிலைக் காட்டினால், இருட்டும் வெளிச்சமும் கலந்த காட்சியொன்றைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தின் தொலைவுக்குப் பின்னே சென்று நின்று பாருங்கள். செய்தி அலைவரிசை ஒன்றையும் போடச் சொல்லுங்கள். நாள்தோறும் பார்க்கப்போவது மயிலை அன்று.

சொற்பொருள்

மீயுயர் – மிகவும் உயர்ந்த. பாகை – வட்டத்தின் 360இல் ஒரு பங்கு. கலை – பாகையின் அறுபதில் ஒரு பங்கு (ஓவியம், இசை முதலியவற்றைக் குறிக்கும் ‘கலை’ வேறு பொருளது). மூலைவிட்டம் – எதிர்மூலைகளை இணைக்கும் கோடு. ஊகம் – உய்த்துணர்தல். திண்ணை – வீட்டின் முன்புற மேடை.

மொழிப்பயிற்சி

அ. 20,73,600 என்பதை ‘இருபது இலட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு’ எனப் படிக்க வேண்டும். இதுபோல் 82,94,400 என்பதை எழுத்தால் எழுதுக. வீட்டில் இந்தியில் எண்ணிப் பழகியோர் இருமுறை உரக்கப் படித்துப் பார்க்கவும்.

ஆ. ‘உயர்தெளிவு + திரை = உயர்தெளிவுத் திரை’ எனும்போது வல்லினம் மிகுந்தது. ‘பெரிய + திரை = பெரிய திரை’ எனும்போது மிகவில்லை; ‘பெரிய’ என்பது பெயரெச்சம். பாடத்திலிருந்து வல்லினம் மிகுந்த தொடர் இரண்டும், மிகாத தொடர் இரண்டும் எடுத்தெழுதுக.

இ. பாடத்தின் தொடக்கத்தில் ஓரத்தில் குறித்த எண்ணை எடுங்கள். உங்கள் திரையின் மூலைவிட்ட நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து ஒன்றரையால் பெருக்குங்கள். நீங்கள் அமரும் இடம் அவ்வெல்லைக்கு உள்ளேயா, வெளியேயா? காரணத்துடன் மூன்று தொடர்களில் எழுதுக.

ஈ. ஊரில் உள்ள தாத்தா, ‘எந்தத் தொலைக்காட்சி வாங்கலாம்?’ என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக் கூடம் பதினைந்து அடி நீளம்; அவர் பெரும்பாலும் செய்தியும் பழைய படங்களும் பார்ப்பார்; இணைய இணைப்பு இல்லை. ‘அன்புள்ள தாத்தாவுக்கு’ என்று தொடங்கி, ஆங்கிலச் சொற்களை இயன்றவரை குறைத்து, பத்து வரிகளில் மறுமொழி எழுதுக.