தோழனுக்கு ஒரு புத்தகம்

நல்ல புத்தகம் எது என்று மாணவ நண்பர்கள் கேட்கும்போது, நூற்பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த வரிசையால் ஒருவரும் வாசகராகிவிடுவதில்லை. கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், சிநேகிதர்களுக்குப் புத்தகங்களைக் கொடுத்தும் அவர்களிடமிருந்து வாங்கியும் பழகிய அநுபவத்தில் நான் தெளிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு. ஒரு நூலைச் சிபாரிசு செய்பவன் அந்நூலை அறிந்திருப்பது எவ்வளவு அவசியமோ, அதைப் படிக்கப்போகிறவனின் சுபாவத்தையும் விருப்பத்தையும் அறிந்திருப்பது அவ்வளவு அவசியம். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மிக உயர்ந்த கிரந்தமும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிடும்.

தமிழில் பெரும்பலன் விளைத்த சிபாரிசு 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், அங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம் அவர் என்னென்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று ஐயர் சொல்லிக்கொண்டே போன நீண்ட வரிசை முழுவதையும் கேட்ட பின்னரும் திருப்தியடையாத முதலியார், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பெயர் சொன்னதோடு நில்லாமல், தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்து, ஐயரோடு உடனிருந்து அதைப் படிக்கவும் செய்தார். முதலில் கேட்பது, பிறகு எல்லையைச் சற்று அப்பால் நகர்த்துவது, புத்தகத்தைக் கையில் கொடுப்பது, கூடவே துணையிருப்பது என்ற நான்கு பாடங்களும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆகவே, புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் நீ கடைசியாக விரும்பிப் படித்தது எது என்று நண்பனைக் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. 1950-இல் ‘கல்கி’யில் தொடராக வரத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் மனத்தைப் பறிகொடுத்தவன் ஒருவன் என்றால், கதையின் பின்னால் நிற்கும் கல்வெட்டுகளையும் காலக்கணக்கையும் காட்டும் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தை அவனிடம் தயக்கமின்றிக் கொடுக்கலாம். தமிழ்ப் புத்தகம் என்றாலே கதையும் கவிதையும்தான் என்று ஒதுங்கும் விஞ்ஞான மாணவனுக்கு, வழக்கறிஞராக இருந்துகொண்டே விஞ்ஞான விஷயங்களைத் தெளிந்த தமிழில் எழுதிவந்த பெ. நா. அப்புசாமியின் கட்டுரைகள் ஏற்றவை. பத்திரிகைச் செய்திக்கு மேல் நீண்ட எதையும் படிக்கப் பொறுமையில்லாதவனுக்கு, சிறு சிறு வாக்கியங்களில் பல தேசங்களைக் காட்டும் ஏ. கே. செட்டியாரின் பிரயாண நூல்களைக் கொடுத்தால், அவன் கேளாமலே அடுத்ததைத் தேடி வருவான்.

நூலின் தரத்தை அளக்க எனக்கு உதவிய சோதனைகள் மூன்று. முதலாவது, நடுவிலே ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படிப்பது. சிந்தனை தெளிவாக இல்லாத இடத்தில் வாக்கியம் நாவில் இடறும். இரண்டாவது, எழுதியவர் தாம் நேரில் அறிந்ததை எழுதினாரா, பிறர் சொன்னதைத் திரட்டி எழுதினாரா என்று பார்ப்பது; நேரில் அறிந்தவர் எழுத்தில் ஊரின் பெயர், தொழிலின் நுணுக்கம், மனிதரின் பேச்சு ஆகியவை கலப்பற்று நிற்கும். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒரு நல்ல நூல் தன்னோடு வாசகனை நிறுத்திக்கொள்ளாமல் வேறு நூல்களிடம் அனுப்பிவைக்கும். சிந்தாமணியின் உரையில் கண்ட மேற்கோள்கள் எந்நூல்களிலிருந்து வந்தன என்று தேடப் புகுந்தவர் ஐயர். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த அவரே 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார்.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியடிகளை வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற சிறு நூலை, இது உங்களுக்குப் பிடிக்கும் என்ற அளவிலே சொல்லிக் கொடுத்தார். அன்றிரவு காந்தியடிகளுக்கு உறக்கம் வரவில்லை. அந்நூலின் பயனாக அதே ஆண்டில் பீனிக்ஸ் குடியிருப்பு உருவாயிற்று. நண்பரின் மனம் எதற்குப் பக்குவப்பட்டிருக்கிறது என்பதைப் போலக் அறிந்திருந்ததால் நீண்ட புகழுரைக்குத் தேவை இருக்கவில்லை. நாமும் கதையின் முடிவைச் சொல்லாமல், இது உனக்கு ஏன் பிடிக்கும் என்பதை மட்டும் இரண்டொரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு, வாசகரின் நேரம் மிச்சப்பட வேண்டும் என்பதும் ஒன்று. பரீட்சைக்கு நடுவே படிக்கும் மாணவனுக்கு இது மிகவும் பொருந்தும். பெரிய நூலாயின் எந்த அத்தியாயத்தில் தொடங்கலாம் என்று குறித்துக் கொடுங்கள். மனம் ஒட்டாவிட்டால் பாதியில் திருப்பித் தரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படித்து முடித்தாயா என்று விசாரணை செய்யாமல், எந்த இடம் மனத்தில் நின்றது என்று கேளுங்கள். புகழ் பெற்றது என்ற ஒரே காரணத்தால், நீங்கள் படிக்காத நூலை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

ஆசிரியர் சொல்லும் நூலின் பின்னால் பரீட்சையின் நிழல் இருக்கும். சக மாணவன் சொல்லும் நூலுக்கு அந்தப் பாரம் இல்லை. அந்தச் சுதந்திரத்தை மதிக்கிறவன் தனக்கும் ஒரு நூலைச் சொல்லும்படி நண்பனைக் கேட்க வேண்டும். அவன் சொன்னதை அதே சிரத்தையோடு படிக்கவும் வேண்டும். கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் நுழையாத இடத்தில்தான் வாசிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.