இலக்கிய மன்றத்துக்குப் புதிதாக வரும் கவிஞர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே, மன்றத்துக்குள் வந்துவிட்டீர்கள். இங்கே எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் கூட்டத்திலேயே வாசிக்க அவசரப்படாதீர்கள். ஓரிரு மாதம் உட்கார்ந்து கேளுங்கள். யார் கவிதையைப் பற்றிப் பேசுகிறார், யார் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

2. வாசிக்கிற நாளில் பத்துப் பிரதி எடுத்து வந்து கையில் கொடுங்கள். நல்ல குரல் பலவீனமான வரியை மறைத்துவிடும், தாள் மறைக்காது. மற்றவர்கள் பேசும்போது “நான் சொல்ல வந்தது என்னவென்றால்” என்று குறுக்கிடாதீர்கள். அச்சான பிறகு உங்கள் கவிதையோடு நீங்கள் கூடவே போய் விளக்க முடியாது. மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால் அந்த வரியைத் திருத்துங்கள். ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் முடிவு உங்களுடையது.

3. கவியரங்கக் கைதட்டலை வைத்து உங்களை அளக்காதீர்கள். ஒரு வரியை இரண்டு முறை சொல்லி நிறுத்தினால் அரங்கம் தட்டும். அது தனிக்கலை, கற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தனியே உட்கார்ந்து படிக்கிறவருக்கு அந்த நிறுத்தம் கேட்காது.

4. ஒரு கூட்டம் கவிஞனுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது புதுக்கவிதைக்குப் பெரிய பத்திரிகைகளில் இடமில்லை. அந்தச் சிற்றிதழ் இடம் கொடுத்தது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் வந்தது. 1971இல் கோவையில் ‘வானம்பாடி’ கவிதை இதழ் விலையில்லாமல் கைக்குக் கை போனது. அந்த இதழைச் சுற்றிக் கூடிய கவிஞர்களில் சிற்பி 2002இலும், ஈரோடு தமிழன்பன் 2004இலும், மு. மேத்தா 2006இலும், புவியரசு 2009இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள், முப்பதுக்கு மேல் ஆகியிருக்கிறது. கூட்டம் அவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது பேச்சுத் துணையும் படிக்க நாலு பேரும்தான். மீதியை அவரவர் தனியே எழுதித் தேடிக்கொண்டார்கள். வானம்பாடிக் குரலை அப்படியே எடுத்துப் பாடியவர்களும் ஏராளம். அவர்களை இன்று யாரும் படிப்பதில்லை. உங்கள் மன்றத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கினால், போய்வருவதை நிறுத்தாதீர்கள், எழுத்தில் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

5. நாற்காலி எடுத்துப் போடுங்கள், அழைப்பிதழ் கொடுங்கள், அடுத்தவர் கவிதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

6. முதல் தொகுப்புக்குப் பறக்காதீர்கள். முதலில் சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தால் திருத்தி வேறு இதழுக்கு அனுப்புங்கள். தொகுக்கும் நாள் வரும்போது, மன்றத்தில் நீங்கள் நம்பும் இருவரிடம் முழுக் கையெழுத்துப் படியையும் கொடுத்து, வேண்டாதவற்றை நீக்கச் சொல்லுங்கள். அறுபது கவிதை நாற்பதானால் புத்தகத்துக்கு லாபம். பெருந்தொகை கேட்கும் பதிப்பகத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது பிரதிகூட அச்சிடலாம். பதிப்புரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அணிந்துரை ஒன்று போதும். பொன்னாடை போர்த்தும் வெளியீட்டு விழாவை விட, ஆறு மாதம் கழித்து நடக்கும் விமர்சனக் கூட்டம்தான் அடுத்த புத்தகத்தை எழுத வைக்கும். அதை மன்றத்திடம் கேட்டு வாங்குங்கள்.

7. தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. மாலை ஏழுக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிகிற கூட்டம் உங்களில் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கூச்சப்படாமல் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மன்றம் நடத்தும் என் வயதுக்காரர்களே, உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த மாதக் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள்.