எண் முகவரிகளைப் பங்கிட்டு ஆளும் முறை

பெங்களூருவில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குக் கடிதம் எழுதுவோர் உறையின்மீது 560012 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதுகின்றனர். இவ்வெண்ணின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். முதல் இலக்கமாகிய 5, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கின்றது. முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து பெங்களூருவைக் குறிக்கின்றன. எஞ்சிய 012 என்பது கழகத்தின் அஞ்சலகத்தைக் குறிக்கும். 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இம்முறையினால், ஸ்ரீநகரில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர் மல்லேசுவரம் எங்கே உள்ளது என்பதை அறியவேண்டுவதில்லை. எண்ணின் முற்பகுதியைக் கண்டு தெற்கே செல்லும் பையில் கடிதத்தை இட்டால் அவர் கடமை முடிந்தது. பிற்பகுதியைக் கவனிப்பது பெங்களூரு ஊழியரின் வேலை.

கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பிலும் இதே தத்துவம் ஆட்சி செய்கின்றது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் வழங்கப்படுகின்றது. ஒரு நிறுவனம் தனக்குக் கிடைத்த எண்களை எவ்வாறு தொகுதிகளாகப் பிரித்துப் பங்கிட்டு ஆளவேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

முகவரியின் அமைப்பு

1981-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு முறையில், ஐ.பி. முகவரி என்பது 32 பிட் கொண்ட எண் ஆகும். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும் இடம். எட்டெட்டுப் பிட்டுகளாகப் பிரித்து, இடையே புள்ளியிட்டு, 203.0.113.5 என்பது போல் நான்கு எண்களாக எழுதுவது வழக்கம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 32 பிட்டுகளைக் கொண்டு அமைக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் 429,49,67,296. அஃதாவது, ஏறத்தாழ 430 கோடி.

அஞ்சல் எண்ணைப் போலவே இதிலும் முற்பகுதி வலையைக் குறிக்கும். பிற்பகுதி அவ்வலையில் உள்ள கருவியைக் குறிக்கும். முற்பகுதிக்கு எத்தனை பிட்டுகள் என்பதைச் சாய்கோட்டின் பின் எழுதுகின்றோம். 203.0.113.0/24 என்றால், 24 பிட்டுகள் வலைக்கும் எஞ்சிய 8 பிட்டுகள் கருவிக்கும் உரியன. எனவே அத்தொகுதியில் 256 முகவரிகள் உள்ளன. சாய்கோட்டின் பின்னுள்ள எண் ஒன்று கூடுந்தோறும் தொகுதி பாதியாகக் குறையும். /25 எனில் 128, /26 எனில் 64, /27 எனில் 32, /28 எனில் 16 முகவரிகள்.

தொடக்கத்தில் இத்தகைய நுண்ணிய பிரிவு இருந்ததில்லை. 256, 65,536, ஏறத்தாழ 1.67 கோடி என மூன்று அளவுகளிலேயே தொகுதிகள் வழங்கப்பட்டன. 2,000 கருவிகள் உள்ள நிறுவனத்திற்கு முதல் அளவு போதாது. இரண்டாவதைக் கொடுத்தாலோ 63,000-க்கும் மேற்பட்ட முகவரிகள் வீணாகும். இக்குறையை நீக்கும்பொருட்டு, எந்தப் பிட்டிலும் பிரித்துக்கொள்ளும் முறை 1993-இல் ஏற்கப்பட்டது.

நம் நாட்டின் அனுபவம்

மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகமும், ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், டில்லியில் மின்னணுத் துறையும் அதன் முதல் எட்டு மையங்களாகும். 144.16 என்று தொடங்கும் 65,536 முகவரிகள் கொண்ட தொகுதி எர்நெட்டுக்குக் கிடைத்தது. பெங்களூரு, சென்னை, மும்பை முதலிய நகரங்களில் இருந்த கழகங்கள் அவ்வொரு தொகுதியையே தமக்குள் பகிர்ந்துகொண்டன.

இதனை வேறொரு செய்தியோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அமெரிக்காவில் உள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றுக்கு மட்டும் 18 என்று தொடங்கும் 1.67 கோடி முகவரிகள் வழங்கப்பட்டிருந்தன. எர்நெட்டின் தொகுதியைப் போல் அது 256 மடங்கு! பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தமையால், ஏறத்தாழ 80 லட்சம் முகவரிகளை விற்கப்போவதாக 2017-இல் அக்கழகம் அறிவித்தது. முன்னதாக வந்தோர் பெற்றது மிகுதி. பின்னர் வந்தோர் பெற்றது குறைவு. ஆகவே நம்மவர் சிக்கனத்தைத் தொடக்கத்திலேயே பயிலவேண்டியதாயிற்று.

உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த பெருந்தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்துபோயின. அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல், ஆசிய-பசிபிக் பகுதிக்குரிய ஏப்நிக் பதிவகம் கடைசிக் கையிருப்பிலிருந்து அளவிட்டு வழங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் உள்ள இப்பதிவகத்தின் கீழ், இந்தியாவுக்கென ஐரின் என்னும் தேசியப் பதிவகம் 2012 முதல் இயங்கிவருகின்றது. இன்று புதிதாக விண்ணப்பிக்கும் நிறுவனத்திற்குக் கிட்டுவது சில நூறு முகவரிகளே. அவையும் உடைமை அல்ல. பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பொதுச் செல்வத்தில் ஒரு பங்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று கருதுவதே முறை.

ஓர் உதாரணம்

பெங்களூருவில் உள்ள ஒரு கல்லூரிக்கு 203.0.113.0/24 என்னும் தொகுதி கிடைத்திருப்பதாகக் கொள்வோம். (இத்தொகுதி பாடநூல் உதாரணங்களுக்கென்றே உலக அளவில் ஒதுக்கப்பட்டது, உண்மையில் எவருக்கும் உரியதன்று.) ஆய்வுக்கூடத்தில் 100, அலுவலகத்தில் 50, நூலகத்தில் 25, சேவைக் கணிப்பொறி அறையில் 12 எனக் கருவிகள் உள்ளன. மொத்தம் 187, கையிலிருப்பது 256. பங்கீடு எளிது எனத் தோன்றும். ஆயினும் இரண்டு விதிகளை மறத்தலாகாது.

முதலாவது: தொகுதியின் அளவு 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களில் ஒன்றாகவே இருக்கவேண்டும். அதன் முதல் முகவரி வலையின் பெயராகவும், கடைசி முகவரி அனைவருக்கும் பொதுவான அறிவிப்புக்காகவும் கழியும். வெளியே செல்லும் வாயிலாகிய ரூட்டருக்கு மற்றொன்று தேவை. இரண்டாவது: ஒரு தொகுதி அதன் அளவால் மீதியின்றி வகுபடும் எண்ணில் தொடங்கவேண்டும். 128 முகவரிகள் கொண்ட தொகுதி 0-இல் தொடங்கலாம், 128-இல் தொடங்கலாம், இடையில் தொடங்கலாகாது.

இவ்விதிகளை அறியாத ஒருவர் அலுவலகத்திற்கு 0 முதல் 63 வரையும், “சற்றுத் தள்ளி இருக்கட்டும்” என்று நூலகத்திற்கு 128 முதல் 159 வரையும் கொடுத்துவிடுகின்றார் என்க. பின்னர் ஆய்வுக்கூடம் திறக்கப்படுகின்றது. அதற்கு வேண்டுவது 128 கொண்ட தொகுதி. கையிருப்பைக் கணக்கிட்டால் 64 முதல் 127 வரை 64-உம், 160 முதல் 255 வரை 96-உம், ஆக 160 முகவரிகள் உள்ளன. எனினும் ஆய்வுக்கூடத்தை ஒரே வலையாக அமைக்க இயலாது! 0-இல் தொடங்கும் பாதியை அலுவலகமும், 128-இல் தொடங்கும் பாதியை நூலகமும் கெடுத்துவிட்டன. இருந்தும் இல்லாத நிலை இது. நூலகத்தின் அல்லது அலுவலகத்தின் கருவிகள் அனைத்திற்கும் எண்ணை மாற்றினாலன்றி வழியில்லை.

முறையான பங்கீடு பெரியதில் தொடங்கிச் சிறியதை நோக்கிச் செல்லும்.

ஆய்வுக்கூடம்: 0 முதல் 127 வரை (/25)
அலுவலகம்: 128 முதல் 191 வரை (/26)
நூலகம்: 192 முதல் 223 வரை (/27)
சேவைக் கணிப்பொறி அறை: 224 முதல் 239 வரை (/28)
கையிருப்பு: 240 முதல் 255 வரை

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சேவை அறையின் 16 முகவரிகளில் வலை, அறிவிப்பு, வாயில் ஆகிய மூன்று போக எஞ்சுவன 13. கருவிகளோ 12. நான்கு பிரிவுகளில் மிக நெருக்கடியானது இதுவே. கையிருப்பு இதன் அடுத்த பக்கத்திலேயே அமைந்துள்ளது. எனவே நாளை தேவை பெருகினால், 224 முதல் 255 வரை 32 கொண்ட ஒரே தொகுதியாக அதனை விரித்துக்கொள்ளலாம். எந்தக் கருவியின் எண்ணையும் மாற்றவேண்டுவதில்லை.

உள் முகவரிகளும் இடைவெளியும்

பொது முகவரிகள் அருகியமையால், நிறுவனத்தின் உள்ளே மட்டும் வழங்கத்தக்க முகவரிகள் 1996-இல் தனியே வரையறுக்கப்பட்டன. 10 என்று தொடங்குவன அனைத்தும், 172.16 முதல் 172.31 வரையிலும், 192.168 என்று தொடங்குவனவும் அவ்வகையைச் சேர்ந்தன. இவற்றை எந்த நிறுவனமும் அனுமதியின்றிக் கையாளலாம். வெளியே செல்லும்போது வாயிலில் உள்ள கருவி பொது முகவரியாக மாற்றி அனுப்பும்.

இங்கே இடம் தாராளமாக உள்ளது. ஆகவே பங்கீட்டின் நோக்கமும் மாறுகின்றது. பொது முகவரிகளில் நெருக்கி அடுக்குவது சிறப்பு. உள் முகவரிகளில் இடைவெளி விட்டு அமைப்பது சிறப்பு. பெங்களூருவின் ஜயநகரை நினைவுகூர்க. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அக்குடியிருப்பு முதலிலேயே பிளாக்குகளாக வகுக்கப்பட்டது. பின்னர் மெயின், கிராஸ் என்னும் தெருக்கள் அவற்றுள் அமைந்தன. புதியவர் ஒருவர் பிளாக்கின் எண்ணைக் கேட்ட அளவில் திசையை அறிந்துகொள்கின்றார். வலையமைப்பிலும் முதலில் பெரும்பிரிவுகளை வகுத்துப் பின்னரே உட்பிரிவுகளை நிரப்பவேண்டும்.

10.20.0.0/16 என்னும் வட்டத்தில், 256 முகவரிகள் கொண்ட சிறு தொகுதிகள் 256 உள்ளன. நான்கு துறைகளுக்கு 0, 1, 2, 3 என அடுத்தடுத்துக் கொடுத்தால், முதல் துறை வளரும்போது அண்டை இடம் மற்றவருக்குச் சென்றிருக்கும். 0, 64, 128, 192 எனத் தொடங்கிக் கொடுத்தால், ஒவ்வொரு துறையும் 64 சிறு தொகுதிகள் வரை இடையூறின்றி வளரலாம். முதல் துறை எவ்வளவு வளர்ந்தாலும், ரூட்டரில் அதற்கு 10.20.0.0/18 என்னும் ஒரு வரியே போதும். இவ்வாறு ஒரு வரியில் அடக்கும் வழக்கம் தளர்ந்தால் நேர்வது யாது? உலகப் பெரு ரூட்டர்கள் இன்று நினைவில் வைத்திருக்கும் நான்காம் பதிப்பு வழிகள் ஒன்பது லட்சத்திற்கும் மேல். சிதறிய ஒவ்வொரு தொகுதியும் அச்சுமையைக் கூட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 10.0.0 என்றும் 192.168.1 என்றும் தொடங்கும் பகுதிகளை எல்லோரும் எடுத்துக்கொள்கின்றனர். இரு நிறுவனங்கள் ஒன்றாக இணையும்பொழுது இருவரிடமும் ஒரே எண்கள் காணப்படும். எவரேனும் ஒருவர் தம் கருவிகளுக்கெல்லாம் எண்ணை மாற்றவேண்டி வரும். அதிகம் வழங்காத பகுதியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது நலம்.

பதிவேட்டின் அவசியம்

பங்கீடு எவ்வளவு சீரியதாயினும், எழுதி வைக்கப்படாவிடில் பயன் தராது. ஒரே முகவரியை இரு கருவிகள் மேற்கொண்டால், ஒன்றுக்குரிய செய்தி மற்றொன்றுக்குச் செல்லும். இரண்டும் விட்டு விட்டு இயங்கும். காரணத்தைத் தேடி நாள்கள் கழியும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் எல்லை, பயன், கட்டிடம், பொறுப்பாளரின் பதவி, வழங்கிய நாள், மறுபரிசீலனை செய்யும் நாள் ஆகிய ஆறும் பதிவாதல் வேண்டும். மனிதர் மாறுவர், பதவி நிற்கும். எனவே பொறுப்பாளரின் பெயரினும் பதவியைக் குறிப்பது சிறந்தது.

மாணவர் கொணரும் கருவிகள் போன்று வந்து போவனவற்றிற்கு, குறித்த காலத்திற்கு மட்டும் முகவரியைத் தானே கடன் கொடுத்துத் திரும்பப் பெறும் முறை உள்ளது. அச்சு யந்திரம், சேவைக் கணிப்பொறி போன்றவற்றிற்கு நிலையான எண் வேண்டும். இவ்விரண்டு வகைகளையும் ஒரே எல்லையில் கலத்தல் கூடாது. பயன் முடிந்த முகவரியைத் திரும்பப் பெறுதலும் கொடுத்தலைப் போன்றே முக்கியமான கடமையாகும்.

ஆறாம் பதிப்பு

முகவரித் தட்டுப்பாட்டிற்கு நிலையான தீர்வாக 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு முறை 1995-இல் வெளியாயிற்று. 2010 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இதற்கான தேசிய வழித்திட்டத்தை வெளியிட்டது. இன்று இம்முறையைக் கையாளும் நாடுகளுள் இந்தியா முன்வரிசையில் நிற்கின்றது. இம்முறையில் ஒரு நிறுவனம் வழக்கமாகப் பெறும் /48 தொகுதியில் 65,536 வலைகளை அமைக்கலாம். எர்நெட் மையங்கள் பல சேர்ந்து பகிர்ந்துகொண்ட முகவரிகளின் எண்ணிக்கை எத்தனையோ, அத்தனை வலைகள் இன்று ஒரு கல்லூரிக்கே கிட்டுகின்றன!

ஆயினும் இவ்வளம் ஒழுங்கின்மைக்கு உரிமம் ஆகாது. இவ்வலைகளைக் குறிக்க நான்கு இலக்க இடங்கள் உள்ளன. முதல் இலக்கம் வளாகத்தையும், இரண்டாவது கட்டிடத்தையும், மூன்றாவது மாடியையும், நான்காவது பயனையும் குறிக்குமாறு அமைத்தால், முகவரியைக் கண்ட அளவிலேயே கருவியின் இருப்பிடம் புலப்படும். பற்றாக்குறைக் காலத்தில் கற்ற ஒழுங்கே வளம் மிகுந்த காலத்தில் நமக்கு முதலாகும்.

பயிற்சி

1. வாயில் உட்பட 61 கருவிகள் உள்ள ஒரு பிரிவுக்கு 64 முகவரிகள் கொண்ட தொகுதி போதுமா?
2. 203.0.113.96 என்பதில் 64 கொண்ட தொகுதி தொடங்கலாமா? 32 கொண்டது தொடங்கலாமா?
3. மேற்கண்ட கல்லூரியில் நூலகத்தின் கருவிகள் 40 ஆகிவிட்டால், அதன் தொகுதியை இருந்த இடத்திலேயே விரிக்க இயலுமா?

விடைகள்: (1) போதும், ஆனால் 62-இல் 61 நிறைந்துவிட்டமையால் வளர்ச்சிக்கு ஓர் இடமே எஞ்சும். (2) 96 என்பது 64-ஆல் மீதியின்றி வகுபடாது, ஆகவே இயலாது. 32-ஆல் வகுபடும், ஆகவே 32 கொண்டது தொடங்கலாம். (3) 192 முதல் 255 வரை 64 கொண்ட தொகுதியாக விரிக்கலாம். ஆனால் அதற்குச் சேவை அறையின் கருவிகளை முதலில் வேறிடத்திற்கு மாற்றவேண்டும். இவ்வகை நெருக்கடியை முன்னரே எண்ணிப் பார்த்து, சேவை அறையின் தொகுதியை எங்கே வைத்திருக்கலாம் என்பதை வாசகர்கள் ஆராய்வார்களாக.