வானொலியால் இயங்கும் பந்தய விமான மாதிரி: உறுப்புகளைப் பொருத்தும் முறை

விஞ்ஞானக் கட்டுரை எனின் அணுவையும் அண்டத்தையும் பற்றியே எழுதுதல் நம் மலர்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வழியை விடுத்து, வகுப்பறை மேசையொன்றின்மீது வைத்துக் கையாற் செய்து முடிக்கத்தக்க பொருளொன்றைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றேன். அது, நிலத்தில் நிற்போன் வானொலி அலைகளால் ஏவ விண்ணிற் பறக்கும் சிறு பந்தய விமானமாகும். உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணவர், விசை, திருப்பம், மையநாட்டம் என்பவற்றைக் கரும்பலகையில் மட்டுமே கண்டவர். அவற்றை இரு விரல்களின் நுனியில் உணர்ந்தறிய இதனினும் நல்ல வாயில் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இக்கலை புதிதன்று. நிக்கொலா தெஸ்லா 1898 இல் நியூயோர்க் நகரிலே மக்கள் முன்னிலையில் வானலைகளால் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். 1937 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் அவ்வகையால் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். மேனாட் ஹில் என்பாரின் குழுவினர் பால்சா மரத்தாற் கட்டிய மாதிரி ஒன்று 2003 ஓகத்து மாதத்தில் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்டு, நடுவழியிற் றானியங்கிக் கருவியின் துணைகொண்டு, ஏறத்தாழ 39 மணித்தியாலத்தில் 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்திலாந்திக்கைக் கடந்து அயர்லாந்தில் இறங்கிற்று. அதன் எடை 5 கிலோகிராமிற்கும் உட்பட்டது. அதனை அமைத்தபொழுது ஹில் அவர்கட்கு வயது 77. கட்பார்வையும் பெரிதும் குன்றியிருந்தது.

பந்தயத்துக்கென அமைந்த மாதிரிகள் வேறோர் இனம். உலக வானூர்திச் சம்மேளனம் வகுத்த பந்தய விதிப்படி, நிலத்தில் மூன்று கம்பங்கள் முக்கோணமாக நாட்டப்படும். ஒரு பக்கம் 40 மீற்றர். மற்றை இரண்டும் 180 மீற்றர். ஒரு சுற்று 400 மீற்றராக, பத்துச் சுற்றுகள் இடப்புறமாகவே வளைந்து பறத்தல் வேண்டும். தேர்ந்தவர் இந்த 4 கிலோமீற்றரையும் ஒரு நிமிடத்திலும் குறைந்த பொழுதிற் கடப்பர். கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு அது மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேல் என்பது விளங்கும். நாம் முதன்முதலிற் கட்டப்போவது அத்துணை விரைவுடையதன்று. எனினும் இலக்கணம் ஒன்றே.

எடுத்துக்காட்டுக்காக, இறக்கையின் முழு நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 25 சென்ரிமீற்றர், பறக்கும் நிலையில் எடை 1.5 கிலோகிராம் எனக் கொள்வாம். 'கிற்' என்று கடைகளில் வழங்கும் உறுப்புப் பெட்டியைத் திறந்தவுடன் பசையைத் தேடுதல் பலர்க்கு இயல்பு. பெட்டியின் மேலட்டைப் படத்தில் மயங்கியவர் செய்வது அது. முதலாவது செயல், ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்து எழுதி வைத்தலாம். பால்சா என்பது தென்னமெரிக்க மரம். இன்றும் ஈக்குவடோர் நாட்டிலிருந்தே பெரிதும் வருவது. நம் வன்னிக் காட்டுப் பாலை மரம் நீரிலிட்டால் தாழும். பால்சாவோ ஒரு கன மீற்றர் 100 முதல் 200 கிலோகிராம் வரையே நிறையுடையது, முள்முருக்கினும் இலேசானது. ஒரே அளவாக வெட்டிய இரு பலகைகளுள் ஒன்று மற்றையதன் இருமடங்கு நிறைகொள்ளுதலும் உண்டு. நிறை கூடியதை மூக்குப்புறத்துக்கும், குறைந்ததை வாற்புறத்துக்கும் ஒதுக்குக. காரணம் பின்னர்ப் புலப்படும்.

இனி, இறக்கையின் இணைப்பைக் கவனிப்பாம். இரு பாதிகளாக வரும் இறக்கையை நடுவிலே பொருத்துமிடத்தே ஒட்டுப்பலகைத் துண்டொன்று உள்ளே செல்லும். அது சிறியதென எண்ணி ஏனோதானோவென்று பசையிடுதல் கூடாது. விமானம் செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தில், 20 மீற்றர் ஆரையுள்ள வளைவிற் கம்பத்தைச் சுற்றுமாயின், வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுக்க 80 வரும். இது புவியீர்ப்பு ஆர்முடுகலின் எட்டு மடங்கு. ஆகவே 1.5 கிலோகிராம் எடையுள்ள விமானத்தின் இறக்கை அவ்வேளையில் ஏறத்தாழ 12 கிலோகிராம் சுமையைத் தாங்குகின்றது. இரு முனைகளையும் பலகைமேல் நிறுத்தி, நடுவிலே அரை அந்தர் அரிசி மூட்டையின் பாதியை வைத்தாற் போன்ற நிலை அது. ஆதலின் இவ்விணைப்புக்கும், மோட்டர் பூட்டும் முன்பலகைக்கும் இரு பகுதிகளைக் கலந்திடும் எப்பொக்சிப் பசையே தகும். விரைவில் இறுகும் மெல்லிய பசைகள் ஏனைய இடங்களுக்குப் போதும். ஒன்று நினைவிற் கொள்க. பசைப் போத்தலில் '30 நிமிடம்' என்று குறித்திருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. பங்குனி வெயிலிற் கிளிநொச்சியில் அது பாதியாகிவிடும். மெல்லிய பசையோ காற்றின் ஈரத்தால் இறுகுவது. மாரிகாலத்தில் விரலை எடுக்குமுன்னரே பிடித்துக்கொள்ளும். எனவே பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்துப் பின்னரே பசையிடுக.

அடுத்தது நேர்மை. உடலின் வாலந்தத்து நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி, அதிலிருந்து இறக்கையின் இரு நுனிகளுக்கும் ஒரே நூலைப் பிடித்து அளக்க. இரு நீளங்களும் ஒத்திராவிடின் இறக்கை கோணலாயிருக்கின்றது. மனைக்கு மூலைமட்டம் பார்க்கும் நம் மேசன்மார் செய்வதும் இதுவே. பட்டத்துக்கு முச்சை கட்டிப் பழகிய சிறுவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் கொக்குப் பட்டம் எவ்வாறு தலைகுத்தும் என்பதை அவன் வாடைக்காற்றிலே கண்டிருக்கின்றான். இறக்கை முறுக்கின்றி இருத்தலும் வேண்டும். 25 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பாகைப் பிசகு என்பது 4 மில்லிமீற்றரளவே, கண்ணுக்குப் புலனாகாது. ஆனால் ஒரு நுனி மற்றையதினும் ஒரு பாகை கூடுதலாக நிமிர்ந்திருப்பின் விமானம் ஓயாது ஒருபுறம் உருளும். தட்டையான மேசையில் இறக்கையை வைத்து, நுனிகளின் கீழ் அளவுகோலை நிறுத்திப் பார்த்தாற் குறை வெளிப்படும்.

எல்லாவற்றிலும் தலையாயது ஈர்ப்பு மையம். நாம் கொண்ட இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து அகலத்தின் நாற்கூற்றில் ஒன்றுக்கும் பத்தில் மூன்றுக்கும் இடையில், அதாவது 6.25 முதல் 7.5 சென்ரிமீற்றருக்குள், அமைதல் வேண்டும். மின்கலம் உட்பட யாவும் பூட்டியபின், அவ்விடத்தில் இறக்கையின் அடியே இரு விரல்களால் ஏந்துக. மூக்குச் சற்றே தாழ்ந்து நின்றால் நன்று. வால் தாழுமாயின் பறக்கவிடற்க; அத்தகைய விமானம் கையின் ஏவலைக் கேளாது. மூக்குப் பாரம் மிக்கது மந்தமாகப் பறக்கும். வாற்பாரம் மிக்கது ஒரேயொருமுறை பறக்கும் என்று இத்துறையினர் வேடிக்கையாகக் கூறுவர்.

வாலிலே பசையை வாரியிறைப்போர் கவனிக்க. வால், மையத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னும், மூக்கு 24 சென்ரிமீற்றர் முன்னும் உள்ளனவெனின், வாலிற் கூடிய 10 கிராமை ஈடுசெய்ய மூக்கில் 25 கிராம் ஈயம் வேண்டும். ஆக 35 கிராம் வீண்சுமை. நிறை கூடிய பலகையை முன்னே ஒதுக்கச் சொன்னது இதனாற்றான்.

எயிலரன் எனப்படும் சரிவுமடல்களையும், எலிவேற்றர் எனப்படும் ஏற்றமடலையும் அசைப்பவை சேர்வோ என்னும் சிறு மோட்டர்கள். அவற்றையும் மடல்களையும் இணைக்கும் கம்பியிற் றளர்ச்சி அறவே இருத்தல் ஆகாது. சாதாரண மாதிரியிற் பொறுக்கத்தக்க சிறு ஆட்டம், பந்தய வேகத்தில் மடலைக் கொடிபோற் படபடக்கச் செய்து கணப்பொழுதில் வாலையே பிய்த்தெறியும். ஒவ்வொரு பிணைச்சலையும் கையால் இழுத்துச் சோதிக்க. பின்னர் விமானத்தின் பின்னே நின்று, வலப்புறம் ஏவும்போது வலப்புற மடல் மேலெழுகின்றதா என்று பார்க்க. தலைகீழாகப் பூட்டிய மடலோடு புறப்பட்ட விமானத்தை மீட்பதற்கு அதனைக் கட்டியவனாலும் இயலாது.

செலுத்தியும் வாங்கியும் முற்காலத்தில் 27, 35, 72 மெகாஹேட்ஸ் போன்ற மீடிறன்களில் இயங்கின. ஒரே அலைவரியை இருவர் திறந்தால் ஒருவரது விமானம் வீழும். 2005 அளவிலிருந்து 2.4 கிகாஹேட்ஸ் முறை பரவிற்று. அம்முறைகளுட் பல, மீடிறனை இடைவிடாது மாற்றித் தாவுவன. இவ்வாறு தாவும் உத்தி ஒன்றுக்கு 1942 இல் ஆக்கவுரிமை பெற்றோருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை என்பது பலர்க்கு வியப்பளிக்கும். இவ்வலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றரே, வாங்கியின் உணர்கொம்பு அதன் காற்பங்கு. இரண்டு கொம்புகளிருப்பின் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, காபன் நாரினின்றும் மோட்டர்க் கம்பியினின்றும் விலக்கி வைக்க.

தொடர்பு அறுந்தால் மோட்டர் தானே நிற்கும்படி வாங்கியைப் பழக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. பிறநாட்டு நூல்கள் இதனை ஒருவரியிற் கூறிக் கடந்துவிடும். வன்னி நிலத்தில் நான் இதனை முதலாம் விதியாகவே வைப்பேன். போர்க்காலத்து நிலக்கண்ணிகளை அகற்றும் பணி வடமாகாணத்திற் பல்லாண்டுகளாக நடந்துவருகின்றது. 2017 இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. எனினும் எச்சரிக்கைப் பலகை நாட்டிய பற்றைக்காடுகள் யாவும் நீங்கிவிட்டனவென்று கருதலாகாது. விசை நில்லாது கிலோமீற்றர்க் கணக்கில் ஓடி அத்தகைய காட்டில் வீழ்ந்த விமானத்தைத் தேடி ஒரு பிள்ளை உட்புகுதல் கூடாது. எத்துணை விலைகொடுத்து வாங்கியதாயினும் அதனை அங்கேயே விட்டுவிடுக. நிலத்தில் வைத்து, செலுத்தியை அணைத்து, மோட்டர் நிற்கின்றதா என்று ஒவ்வொரு நாளும் பறக்குமுன் சோதித்தல் அதனினும் எளிது. அவ்வேளை காற்றாடியைக் கழற்றி வைக்க; அது விரலை நறுக்கவல்லது.

மின்கலம் பற்றிச் சுருங்கச் சொல்வேன். மூன்று கலமுள்ள இலிதியம் பற்றரி முழுநிரப்பில் 12.6 வோல்ற்று. ஆளில்லாத அறையில் மின்னேற்றற்க. வெயிலில் நிறுத்திய வாகனத்துள் வைக்கற்க. உப்பியதை மீளப் பயன்படுத்தற்க. தீப்பற்றினால் அதனை அணைத்தல் அரிது.

பறக்கவிடும் காலமும் இடமும் நம் நாட்டுக்கேற்பத் தெரிதல் வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தரவையெங்கும் வீசி வாரும். அது தொடக்கக்காரர்க்குரிய பருவமன்று. காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களின் காலைப்பொழுதே சிறந்தது. வயலில் வரம்புகள் இறங்கும் விமானத்தின் வயிற்றைக் கிழிக்குமாதலின் மேய்ச்சற் றரவை நன்று. நீர் வற்றிய குளத்தின் அலைகரையும் தகும். 35 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 பாகையிலிருப்பதைவிட நூற்றுக்கு ஆறளவு குறையும். விமானம் மிதப்பதற்கு நூற்றுக்கு மூன்றளவு கூடுதல் வேகம் வேண்டும்.

இடந்தேடுவோர் இரணைமடு, வவுனியா ஆகிய விமானத்தளங்களின் அயலை அறவே நீக்குக. மாதிரி விமானமும் சட்டத்தின் பார்வையில் ஆளில்லா வானூர்தியே. சிவில் விமான சேவை அதிகாரசபையின் விதிகளையும், செலுத்திக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இசைவையும் பெட்டியை வாங்குமுன்னரே விசாரித்தறிக. 2019 ஏப்பிரற் குண்டுத் தாக்குதல்களை அடுத்து இத்தகையன யாவும் பறத்தல் தடுக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்க. கல்லூரி அதிபர் வழியாக எழுத்தில் அனுமதி பெறுதலே சீரிய வழி.

கிராம அலுவலர்க்கும் அயல்வீட்டார்க்கும் முதல்நாளே சொல்லிவைத்தலும் வேண்டும். 2009 வரை, வானில் இரைச்சல் கேட்டவுடன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தாய்மார் வாழும் ஊர் இது. நெய்யெஞ்சினை விடுத்து மின்மோட்டரைத் தெரிக என்று நான் மாணவர்க்குக் கூறுவதற்கு அதுவே முதற்காரணம், சிக்கனம் இரண்டாவது. இயலுமாயின் அயலாரை அழைத்து, பறக்குமுன் விமானத்தை அவர் கையிற் கொடுத்துக் காட்டுக.

முதற்பறப்பில் ஒருவர் விமானத்தைத் தோளுயரத்திற் பிடித்து, காற்றுக்கு எதிராக, மூக்கு நிமிராவண்ணம் நேராக எறிக. மற்றவர் செலுத்தியோடு அவர்க்குப் பின்னே நிற்க. போதிய உயரம் ஏறியபின் கையை விட்டுப் பார்த்து, விமானம் எப்புறம் சாய்கின்றதோ அதனைத் திருத்தியால் ஓரிரு புள்ளி திருத்துக. மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் வெவ்வேறு நிறமாகப் போர்த்தியிருப்பின் தொலைவிலும் நிலை தெரியும். நாம் கொண்ட அளவுகளில் இறக்கை மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றருக்குக் கீழே தாங்கும் ஆற்றலை இழக்கும். ஆதலின் இறங்கும்போது வேகத்தை 45 அளவில் வைத்து, மோட்டரை நிறுத்தி, புல்லின்மேல் வயிற்றால் வழுக்கவிடுக. இறங்கியதும் முதலிற் பற்றரியைக் கழற்றுக. பின்னர் இறக்கையின் நடு இணைப்பிற் கீறல் உண்டோ என்று வெயிலுக்கெதிரே பிடித்துப் பார்க்க.