மண்ணுக்கு மூடாக்கு போட்டோம், உதட்டுக்கு?

மண்ணையும் மாட்டையும் பற்றி எழுதுகிற நான் இந்தத் தடவை என் கீழுதட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. வருஷக்கணக்கா வெயிலில் நிற்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

என் கீழுதடு காய்ந்து, தோல் உரிந்து, சொரசொரப்பாக இருந்தது. வலி கிடையாது. உடம்புச் சூடு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். இளநீர் குடித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வெண்ணெய் தடவினேன். கொஞ்சம் குறையும், பத்து நாளில் திரும்ப வரும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போச்சு. கடைவாய்ப்பல் வலிக்காகப் பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லை விட்டுவிட்டு உதட்டையே பார்த்தார். "ஐயா, இது எத்தனை நாளா இருக்கு? வெயில்ல வேலையா? பீடி குடிப்பீங்களா?" மூன்றே கேள்வி. "பல்லை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

உதடு ஏன் அடிபடுகிறது?

உதட்டின் சிவந்த பகுதி மற்ற தோல் மாதிரி இல்லை. மேலடுக்கு ரொம்ப மெல்லியது. வியர்வைச் சுரப்பி இல்லை. வெயிலைத் தடுக்கும் மெலனின் நிறமியும் குறைவு. அதிலும் கீழுதடு வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் வெயில் நேராக அதன்மேல்தான் விழும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் செல்லுக்குள் இருக்கும் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது. உடம்பு அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். சரியாகாமல் விட்டுப்போன சேதம் வருஷக்கணக்கில் சேர்ந்தால் செல்கள் தாறுமாறாக வளர ஆரம்பிக்கும். இதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஆக்டினிக் கீலைட்டிஸ்.

இது புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. எல்லோருக்கும் புற்றாக மாறுவதில்லை. ஆனால் மாறிவிட்டால், வெயிலால் மற்ற தோலில் வரும் அதே வகைப் புற்றைவிட, உதட்டுப் புற்று கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம்.

"நாம கறுப்புத்தானே, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, உண்மைதான். நம்ம நிறம் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு தடுத்துவிடாது. கூடவே பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் ஆபத்து கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இவற்றைப் பாருங்க:

• உதடும் தோலும் சேரும் இடத்தில் இருக்கும் கோடு மங்கிப் போயிருக்கிறதா?
• விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதா?
• வெள்ளைத் திட்டு, விடாமல் உரியும் செதில், ஆறாத வெடிப்பு இருக்கிறதா?

ஆறாத புண், தானாக ரத்தக்கசிவு, கெட்டியான கட்டி, கழுத்தில் நெறிக்கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பாருங்க.

உதட்டில் வருவதெல்லாம் இதுவே என்று பயப்படவும் வேண்டாம். வாயின் இரு ஓரமும் வெடித்தால் பூஞ்சைத் தொற்றாகவோ, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவாகவோ இருக்கலாம். கொத்தாகக் கொப்புளம் வந்து பத்து நாளில் ஆறினால் அது வைரஸ் தொற்றாக இருக்கலாம். எதுவானாலும் மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் காட்டிவிடுவது நல்லது.

டாக்டர் என்ன செய்வார்?

தோல் டாக்டர் என் உதட்டை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதை எடுத்து பயாப்ஸி சோதனைக்கு அனுப்பினார். ஒரே ஒரு தையல். முடிவு வரும்வரை நான் வயல் பக்கமே போகவில்லை, மாடு கத்துவதுகூடக் காதில் விழவில்லை. புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கிவிட்டன என்று முடிவு வந்தது.

மருத்துவம் பல வகை. ஒரு சின்னத் திட்டு மட்டும் என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைத்து அகற்றுவார்கள். உதடு முழுக்கப் பரவியிருந்தால் ஃபுளூரோயுராசில் அல்லது இமிக்விமாட் களிம்பு. சிலருக்கு லேசர். செல் மாற்றம் முற்றியிருந்தால் உதட்டின் மேற்பரப்பைச் சீவி எடுக்கும் அறுவை சிகிச்சை.

எனக்கு ஃபுளூரோயுராசில் களிம்பு. இரண்டாவது வாரம் உதடு சிவந்து, வீங்கி, பொருக்குத் தட்டியது. குழம்பு சாப்பிட முடியாமல் கஞ்சியும் மோரும்தான். "புண்ணாகும், பயந்து நடுவுல நிறுத்திடாதீங்க ஐயா, கெட்டுப்போன செல்லை அது அழிக்குது" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். மருந்தை நிறுத்திய பிறகு புதுத்தோல் வந்தது. இந்தக் களிம்பை நீங்களாகக் கடையில் வாங்கித் தடவாதீங்க. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குணமானாலும் திரும்ப வரக்கூடியது என்பதால், டாக்டர் சொன்ன தேதிகளில் போய்க் காட்டிவருகிறேன்.

"ரசாயனம் வேண்டாம்னு ஊர் ஊராப் பேசுற ஆளு நீ, இதைத் தடவலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். முடிக்கொத்து நோய் வந்த வாழைக்குப் பஞ்சகவ்யா தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்போமா? கிழங்கோடு தோண்டி எடுத்து அழிக்கிறோம், இல்லைன்னா தோப்பே போயிடும். இதுவும் அப்படித்தான் மாமா என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் அவரும் கண்ணாடியில் உதட்டைப் பார்த்ததாகச் சொன்னார்.

வீட்டு வைத்தியம் எதுவரை?

தேங்காய் எண்ணெய், நெய், தேன்மெழுகு எல்லாம் வறட்சிக்கு நல்லது. ஆனால் வெயிலைத் தடுக்கும் சக்தி அவற்றுக்குப் போதாது, மாறிய செல்லைக் குணப்படுத்தவும் முடியாது. உதட்டில் எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போகாதீங்க, தோல் வெந்துபோகும். சுண்ணாம்பு, சேங்கொட்டை வைத்துச் சுட்டுவிடுவது இன்னும் ஆபத்து. புண்ணின் அசல் நிலையே டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

வயலில் செய்ய வேண்டியது

• உங்க நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். கடும் வேலையைக் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்க.
• தலைப்பாகை தலையைக் காக்கும், உதட்டுக்கு நிழல் தராது. சுற்றிலும் மூன்று அங்குலமாவது விளிம்புள்ள தொப்பி வேண்டும். இல்லாவிட்டால் துண்டையோ சேலைத் தலைப்பையோ வாயை மறைத்துக் கட்டுங்க.
• எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள உதட்டுக் களிம்பைத் தடவுங்க. இரண்டு மணிக்கு ஒருமுறையும், சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகும் திரும்பத் தடவ வேண்டும். ஆண்களுக்கும் இது உண்டு, கூச்சப்படாதீங்க.
• மேகமூட்டத்திலும் புறஊதாக் கதிர் வரும். அன்றைக்கும் தொப்பி போடுங்க.
• உதட்டை நாக்கால் நனைக்காதீங்க, இன்னும் காயும்.
• பீடி, புகையிலையை விடுங்க. நான் விட்டுவிட்டேன், தாமதமாகத்தான்.

மண்ணை வெயிலில் வெறுமனே விடக்கூடாது என்று நாம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த மண்ணில் நிற்கிற ஆளையும் அதேபோல மூடிக் காப்போம். நாளைக் காலை பல் விளக்கும்போது உதட்டையும் ஒருதரம் பாருங்க, வீட்டிலுள்ள பெரியவங்க உதட்டையும் சேர்த்து.