முகத்துக்கு எந்த லேசர்?

மாநிறமோ கறுப்போ, நம் ஊர் முகத்துக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறவர் கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை நானோமீட்டர், டாக்டர்?" என்பதுதான். மெஷினின் பெயரைச் சொல்வார்கள், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பார்கள், விட்டால் எந்த நடிகை வந்துபோனார் என்பதுவரை பேச்சு போகும். அதெல்லாம் இருக்கட்டும். அலைநீளம் தெரிந்தால், அந்த ஒளி தோலில் எதைத் தேடிப் போய்ச் சுடும் என்பது தெரிந்துவிடும்.

1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. தோலில் ஒளியை உறிஞ்சும் பொருள்கள் முக்கியமாக மூன்று: மெலனின் என்ற நிறமி, ரத்தம், தண்ணீர். பொருத்தமான அலைநீளத்தை மிகச் சிறிய நேரம் பாய்ச்சினால் குறிவைத்த பொருள் மட்டும் சூடாகும்; சுற்றியுள்ள திசு தப்பிவிடும். நமக்குச் சிக்கல் என்னவென்றால், மெலனின் மேல்தோலிலேயே தாராளமாக இருக்கிறது. அலைநீளம் குறையக் குறைய அது ஒளியை அதிகமாக இழுத்துக்கொள்ளும். வெள்ளைக்காரத் தோலுக்கு ஒத்துப்போகிற அளவு, நம் கன்னத்தைச் சுட்டுவிடலாம்.

மேல்தோலைச் சீவி எடுக்கும் லேசர்கள் தனி வகை: 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு, 2,940 நானோமீட்டர் எர்பியம். ஆழமான பருத் தழும்புக்கும் அழுத்தமான சுருக்கத்துக்கும் இவற்றின் பலன் பெரிது. ஆனால் முழுதாகச் சீவினால் ஒன்றிரண்டு வாரம் முகம் புண்ணாகவே கிடக்கும். சிவப்பு அதற்கப்புறமும் நீடிக்கும். நம் தோலில் கருமை படரும் அபாயமும் கூடுதல். மேல்தோலைச் சீவாமல் உள்ளே மட்டும் சூடேற்றி, புதிதாகக் கொலாஜன் சுரக்கத் தூண்டுவது இன்னொரு வகை. வேலைக்கு லீவு போட முடியாதவர்கள் விரும்புவது இதைத்தான். இதில் பலன் மெதுவாகவும் அளவாகவும்தான் வரும். தொங்கிய தாடையை இது தூக்காது. நெற்றிக் கோடுகளை அழிக்காது, கொஞ்சம் மழுங்கச் செய்யும்.

இந்த வகையில் கைவசம் இருப்பவற்றில் என் ஓட்டு 1,550 நானோமீட்டர் ஃப்ராக்‌ஷனலுக்கு. இது தேடிப்போவது தண்ணீரை. மெலனினை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. முடியளவே மெல்லிய தூண்களாக வெப்பம் இறங்கும். தூண்களுக்கு நடுவே உள்ள நல்ல தோல் சீக்கிரம் ஆற்றிக்கொடுக்கும். மரத்துப்போகும் க்ரீமைப் பூசி முக்கால் மணி நேரம்போல உட்காரவைப்பார்கள். கண்ணுக்கு மூடி, முகத்தின்மேல் குளிர்காற்று. அப்படியும் மேலுதட்டருகே சுரீரென்று இருக்கும். அன்று இரவு முகம் சிவந்து உப்பும். மூன்றாம் நாள் விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், நிறமும் பழுப்பேறித் தெரியும். உள்ளே செத்த செல்கள் பொடிப்பொடியாக மேலே வந்து உதிர்கிற கட்டம் அது. தேய்க்கக் கூடாது, தானாக உதிர விடவேண்டும். மாதம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து முறை. முழுப் பலன் தெரியக் கடைசி முறைக்குப்பின் மூன்று முதல் ஆறு மாதம். ஆகவே தை மாதக் கல்யாணத்துக்குக் கார்த்திகையில் வந்து நிற்பதில் பிரயோஜனமில்லை.

1,064 நானோமீட்டர், அதாவது என்டி யாக், கறுத்த தோலுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆழமாக இறங்கும், மெலனின் குறைவாகவே இழுக்கும். 'கார்பன் ஃபேஷியல்' என்று விற்பதும் பெரும்பாலும் இதே ஒளிதான். கரிக்குழம்பைப் பூசி அதன்மேல் சுடுவார்கள். பட்பட்டென்று வெடிக்கும், கருகல் வாசனை வரும். நாலைந்து நாள் முகம் பளிச்சென்று இருக்கும். விசேஷத்துக்கு முந்தின வாரம் அதுவே போதும் என்பவர் செய்துகொள்ளலாம். தழும்பு போகும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

லேசர் என்ற பேச்சிலேயே வரும் ஐபிஎல், லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளீர் விளக்கு. வெயிலில் நாள்பட்டு வந்த புள்ளிகள் வெளுத்த தோலில் இதனால் அழகாக மறையும். நமக்கு, அனுபவமில்லாதவர் கையில், கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கருந்தழும்பு விழுந்துவிடக்கூடிய சாதனம். நான் தவிர்ப்பேன். 595 நானோமீட்டர் சாய லேசர் ரத்தநாளச் சிவப்புக்கு உரியது. அந்தக் குறை இல்லாதவருக்கு அது வேண்டாம்.

மங்கு இருப்பவர்கள் தனியாகப் படிக்க வேண்டிய பகுதி இது. கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் இந்தக் கருமைக்கு லேசர் முதல் மருந்து அல்ல. சூடு பட்டாலே சிலருக்குக் கூடிவிடும். குறைந்த கருமையும் திரும்பி வரும். வாராவாரம் 'டோனிங்' என்று சுட்டுக்கொண்டே போனால் வெள்ளைப் பொட்டுகள் விழுவதும் உண்டு. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன், மருத்துவர் எழுதித்தரும் க்ரீம், தேவைப்பட்டால் டிரனெக்சாமிக் அமில மாத்திரை என்று அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

ஒளியே வேண்டாம் என்பவருக்கு ஊசிமுனை வழியாக ரேடியோ அலைச் சூட்டை இறக்கும் முறை இருக்கிறது. அதற்கு நிறபேதம் கிடையாது; பருத் தழும்புக்கு நல்ல மாற்று. மெல்லிய கோடுகள் மட்டும்தான் குறை என்றால், இரவில் டிரெட்டினாயின், பகலில் சன்ஸ்கிரீன் என்று ஆறு மாதம் விடாமல் பூசிப் பார்க்கலாம். செலவு பல மடங்கு குறைவு. இதை முதலில் சொல்லும் மருத்துவரை எனக்குப் பிடிக்கும். கர்ப்பிணிகள் மட்டும் டிரெட்டினாயினைத் தொடக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் பார்ப்பவர் எம்.டி. டி.வி.எல். அல்லது அதற்கிணையான தோல் படிப்பு படித்தவரா என்று பாருங்கள். சிவப்பாக்கும் க்ரீம் என்று மெடிக்கலில் வாங்கிப் பூசியது, உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, பருவுக்கு எடுத்த ஐசோட்ரெட்டினாயின் என எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தக் க்ரீமில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் தோல் மெலிந்திருக்கும், லேசரைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். வெயிலில் கறுத்து வந்த கையோடும் படுத்துவிடக் கூடாது; சில வாரம் ஆறவிட வேண்டும்.

ஆறு முறைக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு முறை இலவசம் என்பார்கள். ஒரு முறைக்கு மட்டும் கட்டுங்கள். அதற்கும் முன்னால் தாடையோரம் ஒரு சின்ன இடத்தில் சுட்டுக் காட்டச் சொல்லி, நான்கு வாரம் அந்த இடம் கறுக்கிறதா என்று பாருங்கள்.