அதிர்ச்சியடைந்த குழந்தைக்கு ஆசிரியரின் முதலுதவி

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970களில். அன்று முதல் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்தவண்ணம் உள்ளன. நான் பணியாற்றும் நடுநிலைப் பள்ளியில் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு ஷிப்டு வேலை. வீட்டில் ஒரு துயரம் என்றால் ஓடி வர பாட்டியோ சித்தியோ பக்கத்தில் இல்லை. அடுத்த நாள் அந்தக் குழந்தையைப் பார்க்கும் முதல் பெரியவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

2023ஆம் ஆண்டு இதை நமக்கு ஆழமாக உணர்த்தியது. ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தனர். அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்து கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றியது. அன்றே 14 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் தீபாவளி நேரத்தில் நாலு காசு சம்பாதிக்க தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள், மாணவர்கள்.

வகுப்பறையில் தெரியும் அடையாளங்கள்

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் சத்துணவுத் தட்டு கீழே விழும் ஓசைக்கே சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சிலருக்குக் காலைதோறும் வயிற்றுவலி. நன்றாக வாசித்தவன் எழுத்துக்கூட்டத் திணறுகிறான். அமைதியானவள் அடிக்கக் கை ஓங்குகிறாள். இதை அடம் என்றோ சோம்பல் என்றோ எண்ணிவிடுகிறோம். ஆபத்து கடந்த பின்னும் உடல் அதை எதிர்பார்த்துக் காவல் நிற்கிறது. அந்த நிலையில் பாடம் மனத்தில் ஏறாது. தண்டனை அச்சத்தைக் கூட்டவே செய்யும்.

பார், கேள், இணை

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இந்த மூன்று படிகளைக் கூறுகிறது. ஆசிரியர் மனநல மருத்துவராக வேண்டியதில்லை.

பார்: வருகைப் பதிவேடே நல்ல கருவி. யார் திடீரென வருவதில்லை, யார் சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள்.

கேள்: பக்கத்தில் அமருங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் படம் வரையக் காகிதம் கொடுங்கள். நடந்ததை வகுப்பின் முன் சொல்லச் சொல்லாதீர்கள். "அழாதே", "எல்லாம் சரியாகிவிடும்" என்பதைவிட, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பது உதவும். பாலியல் தொல்லை பற்றிக் குழந்தை சொன்னால் விசாரணை நம் வேலையன்று. போக்சோ சட்டப்படி காவல் துறைக்கு உடனே தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை.

இணை: குழந்தைகள் உதவி எண் 1098. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு ரூ.75,000 நிதியுதவி உண்டு. இதற்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் முன்னின்று அனுப்பினால், எட்டாம் வகுப்புப் பையன் வேலைக்குப் போகாமல் பள்ளியில் தங்குவான். கவலைக்கு மருந்து சில நேரம் ஒரு சான்றிதழின் நகல்தான்.

வகுப்பில் நாங்கள் செய்பவை

அன்றைய வேலைகளைக் காலையிலேயே கரும்பலகையில் வரிசையாக எழுதுகிறோம். அடுத்து என்ன என்று தெரிந்தால் மனம் அடங்கும். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சுப் பயிற்சி. தீயணைப்பு ஒத்திகைக்கு முந்தைய நாளே மணி ஓசையைக் கேட்கச் செய்கிறோம். தீபாவளிக்கு முன் பட்டாசுப் பாதுகாப்பைப் பேசும்போது தீக்காயப் படங்களைக் காட்டுவதில்லை. வெளியே போக விரும்பும் குழந்தைக்கு நூலக மூலையில் இடம் உண்டு.

பள்ளி வாசலுக்கு அப்பால்

2004 சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் வல்லுநர்கள் பாதிக்கப்பட்ட பகுதிகளின் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சியளித்தனர். வல்லுநர் திரும்பிப் போனாலும் ஊரில் இருப்பவர் ஊரிலேயே இருப்பார் என்பதே அதன் அடிப்படை. அதே வழியில் நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் முப்பது நிமிடப் பயிற்சி வைத்தோம். சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோ ஓட்டுநர் எல்லோரையும் அழைத்தோம். ஷிப்டு பெற்றோருக்காக ஞாயிறு காலையில் மீண்டும் நடத்தினோம். தெலுங்கும் இந்தியும் தெரிந்த தாய்மார்கள் மொழிபெயர்த்தனர். லைன் வீடுகளில் யார் வீட்டில் இரவு குழந்தை தனியே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்வார் என்று அவர்களே பட்டியல் போட்டனர்.

விபத்து நடந்த மறுநாள் இந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உதவி எண்களையும் குழந்தைகளின் கண்ணில் படும் உயரத்தில் சுவரில் எழுதுங்கள்.